தோட்டத்து வீட்டிலிருந்து தாமானுக்கு: பழைய வீடு வாங்கும் முன் சுவர் விரிசலைப் பார்ப்பது எப்படி?

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பெயர்ப்பலகையில் 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்று இருந்தாலும், பேச்சில் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தையாகவே இருக்கும் எங்கள் ஊரில், தோட்ட நிர்வாகம் கொடுத்த வீட்டை ஒப்படைத்துவிட்டு முதன்முறையாகச் சொந்த வீடு தேடுகிறவர்கள் பெரும்பாலும் தாமானில், அதாவது வீடமைப்புக் குடியிருப்பில், முப்பது நாற்பது ஆண்டுப் பழைய ஒற்றை மாடி வரிசை வீட்டைத்தான் பார்க்கப் போகிறார்கள். வாசல் எந்தத் திசை, சாமி மேடைக்கு இடம் உண்டா, தமிழ்ப்பள்ளி எவ்வளவு தூரம் என்பதையெல்லாம் துல்லியமாக விசாரிக்கிறவர்கள், சுவரைப் பார்க்கும்போது மட்டும் இரண்டில் ஒரு தவறைச் செய்கிறார்கள்: பூச்சில் ஓடும் முடியிழைக் கீறலைக் கண்டு நல்ல வீட்டை விட்டுவிடுகிறார்கள், அல்லது புதுச் சாயத்தைக் கண்டு மயங்கி இறங்கிக்கொண்டிருக்கும் வீட்டை வாங்கிவிடுகிறார்கள். நான் செய்தது இரண்டாவது தவறு. அதன் கதையை உரிய இடத்தில் சொல்கிறேன்.

விரிசலைப் பார்க்கும்போது எவ்வளவு பெரிது என்று கேட்பதற்கு முன்பாக, வீட்டின் எந்தப் பகுதி நகர்ந்ததால் இது வந்தது, அந்த நகர்வு நின்றுவிட்டதா, இன்னும் நடக்கிறதா என்று கேட்க வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்தக் கேள்விக்கு விடை தேடுவதற்கானதே.

கையில் எடுத்துச் செல்ல வேண்டியவை

ஒரு டார்ச் விளக்கு, மில்லிமீட்டர் குறியுள்ள இரும்பு அடிக்கோல், பென்சில், தட்டிப் பார்க்க ஒரு நாணயம், சாதாரண அச்சுத் தாள் ஒன்று, காலாவதியான வங்கி அட்டை ஒன்று, கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் ஒளிபுகும் ரப்பர் குழாய் பத்து மீட்டர். தாளும் அட்டையும் எதற்கு என்றால், அச்சுத் தாள் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தடிப்பும், வங்கி அட்டை 0.76 மில்லிமீட்டர் தடிப்பும் உடையவை. விரிசலை அளக்க இவற்றைவிட மலிவான கருவி கிடையாது. பகல் வெளிச்சத்தில் போங்கள். வேலை முடிந்து இரவு எட்டு மணிக்குப் போய் விளக்கு வெளிச்சத்தில் வீடு பார்ப்பது நம்மவர்களிடையே சாதாரணமாகிவிட்டது. அந்த வெளிச்சத்தில் சுவரில் இருப்பது பாதி தெரியாது.

முதலில் மண்ணை விசாரியுங்கள்

வீட்டுக்குள் நுழையும் முன், அந்தத் தாமான் எந்த நிலத்தின்மேல் எழுந்தது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் வட்டாரத்திலேயே ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நிலங்கள் இருக்கின்றன. ஒரு பக்கம் ஈயம் தோண்டிய நிலம். ஈயம் எடுக்கும் மிதவைக் கப்பல்கள் தோண்டிக் கழுவிக் கொட்டிய மணலும் சேறும் கலந்து கிடக்கும், குட்டைகளை மேவிய இடங்களும் உண்டு. ராஜா மூசா காட்டை ஒட்டிய பக்கத்தில், மலாயில் தானா கம்புட் எனப்படும் கரிமண். வடிகால் வெட்டி நீரை இறக்க இறக்க, அந்த மண் சுருங்கி ஆண்டுக்காண்டு தாழ்ந்துகொண்டே போகும். கடற்கரைப் பக்கம் கோல சிலாங்கூர், காப்பார், பந்திங் என்று போனால் மென்மையான கடற்களிமண். தெலுக் இந்தானில் 1885-ஆம் ஆண்டு கட்டிய மணிக்கூண்டு கோபுரம் சாய்ந்து நிற்பதை வேடிக்கை பார்க்கப் போகிறோமே, அதன் அடியில் இருப்பதும் இப்படிப்பட்ட இளகிய நிலம்தான்.

மேட்டுப் பகுதித் தோட்டங்களில் சிக்கல் வேறு வகையானது. பால்மரக் குன்றை வெட்டி, வெட்டிய மண்ணைப் பள்ளத்தில் தள்ளித் தரை சமன் செய்திருப்பார்கள். வெட்டிய பக்கத்து வீடு கெட்டியான மண்ணிலும், ஐந்து கதவு தள்ளியிருக்கும் வீடு கொட்டிய மண்ணிலும் நிற்கும். செம்பனைத் தோட்டத்தைத் தாமானாக்கும்போது சாய்த்த மரங்களை அப்புறப்படுத்தாமல் அப்படியே புதைத்து மூடியிருந்தால், அவை மண்ணுக்குள் மட்கி வெற்றிடமாகி, பல ஆண்டுகளுக்குப் பிறகும் தரையைக் கீழே இழுக்கும். இதையெல்லாம் எந்தப் பத்திரமும் சொல்லாது. அந்த இடத்தில் முன்பு பால் வெட்டிய, குலை அறுத்த பெரியவர் ஒருவரிடம் கேளுங்கள். “அங்கே ஓடை ஓடுச்சு தம்பி, நாங்க துணி துவைச்ச இடம்” என்று அவர் சொன்னால், அந்த ஒரு வாக்கியத்துக்காகவே மேற்கொண்டு கவனமாகப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு அடியில் கட்டை, அதாவது அஸ்திவாரத்தைத் தாங்க மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண்கள், அடித்திருக்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள். பழைய வீடுகளில் கான்கிரீட் கட்டைக்குப் பதில் பாக்காவ் எனும் சதுப்புநில மரக்கட்டைகளை இறக்கியிருப்பதுண்டு. அவை நிலத்தடி நீருக்குள் மூழ்கியே இருக்கும் வரை நெடுங்காலம் உழைக்கும். பக்கத்தில் பெரிய வடிகால் வெட்டி நீர்மட்டம் இறங்கினால், காற்றுப்படும் மேல்முனை உளுத்துப்போகும்.

சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள்

சாலையைக் கடந்து நின்று, வரிசை முழுவதின் கூரை விளிம்பைக் கண்ணால் ஓட்டிப் பாருங்கள். கோடு நேராகப் போகிறதா, எங்காவது தொய்கிறதா? பக்கத்து வீடுகளில் இதே இடத்தில் இதே விரிசல் இருந்தால், அது கட்டிய முறையால் வந்த பொதுக்குறையாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்த ஒரு வீட்டில் மட்டும் இருந்தால், இந்த வீட்டுக்கென்று ஒரு காரணம் இருக்கிறது. மூலை வீடுகளையும் வரிசையின் கடைசி வீடுகளையும் கூடுதல் நேரம் பாருங்கள், ஏனெனில் ஒரு பக்கம் தாங்குவதற்கு அவற்றுக்கு அண்டை வீடு இல்லை.

பிறகு சுவரை ஒட்டிய சிமெண்டு ஓரத்தையும் லோங்காங் எனப்படும் சாக்கடைக் கால்வாயையும் பாருங்கள். ஓரத்தளம் சுவரைவிட்டு விலகி இரண்டு விரல் இறங்கியிருப்பது பழைய வீடுகளில் சர்வ சாதாரணம். கட்டையின்மேல் நிற்கும் வீடு நின்ற இடத்தில் நிற்க, சுற்றியுள்ள மண் மட்டும் அமிழ்ந்திருக்கும். கார் நிறுத்தும் போர்ச்சின் தரை தாழ்ந்து வாசற்படி உயர்ந்தது போலத் தெரிவதும் இதனால்தான். பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்த இடைவெளி வழியாக மழைநீர் இறங்கி அடிமண்ணைக் கரைக்கிறதா, கழிவுக்குழாய் எங்காவது முறிந்திருக்கிறதா என்று பாருங்கள். சுவர் இடுக்கில் அரசங்கன்று முளைத்திருந்தால் அங்கே ஈரம் நிலையாகத் தங்குகிறது என்று பொருள். மேட்டு நிலத் தாமான் என்றால், பின்பக்கத் தடுப்புச் சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா, அதன் நீர்த்துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்று பார்க்காமல் திரும்பாதீர்கள்.

விரிசலின் வடிவம்

சிலந்தி வலை போலப் பூச்சு முழுவதும் பரவிய மெல்லிய கீறல்கள், பூச்சு காயும்போது சுருங்கியதால் வந்தவை. சாயம் அடிக்கும் வேலையோடு அவை போய்விடும். தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேராக மேலிருந்து கீழ் ஓடும் மெல்லிய கோடும் அப்படித்தான்: இரண்டு பொருள்கள் வெயிலில் வெவ்வேறு அளவு விரிகின்றன. இங்கு அதிகம் பயன்படும் சிமெண்டுச் செங்கல் காயும்போது சுருங்கக்கூடியது என்பதால், நீண்ட சுவரின் நடுவில் நெட்டுக்குத்தாக ஒரு மெல்லிய கோடு விழுவதும் உண்டு.

ஜன்னல், கதவுகளின் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பும் விரிசலை நிதானமாகப் பாருங்கள். மூலை என்பது இயல்பாகவே அழுத்தம் குவியும் இடம். மெல்லியதாக இருந்தால் பெரிய விஷயமில்லை. ஆனால் பழைய வீடுகள் சிலவற்றில் ஜன்னலுக்கு மேலே கான்கிரீட் உத்திரம் வைக்காமல், மரச்சட்டத்தையே செங்கலைத் தாங்க விட்டிருப்பார்கள். அந்தச் சட்டத்தைக் கரையான் தின்றுவிட்டால் மேலிருக்கும் செங்கல் இறங்கும். சட்டத்தை நாணயத்தால் தட்டுங்கள். பொத்தென்ற சத்தம் வந்தால் விரிசலுக்குக் காரணம் மண்ணல்ல, கரையான்.

அடுத்தது, செங்கல் வரிசைகளின் இணைப்பைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டைப் போல ஏறும் சாய்வு விரிசல். அஸ்திவாரம் சமமில்லாமல் இறங்கும்போது வருவது இதுதான். பூச்சு போட்ட சுவரில் படிகள் தெரியாமல், நெளிந்த சாய்கோடாகத் தெரியும். அதன் இரு முனைகளின் அகலத்தையும் ஒப்பிடுங்கள். மேலே அகன்று கீழே ஒடுங்கியிருந்தால் சுவரின் முனைப்பக்கம் இறங்குகிறது. கீழே அகன்று மேலே ஒடுங்கியிருந்தால் நடுப்பகுதி தொய்கிறது. வீட்டின் எந்தப் பக்கம் போகிறது என்பதை இந்த ஒரு ஒப்பீடே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். விரிசலின் இரு விளிம்புகளையும் விரலால் தடவிப் பாருங்கள்: ஒரு விளிம்பு மற்றதைவிடத் துருத்திக்கொண்டிருந்தால், சுவர் பிளந்ததோடு நில்லாமல் முன்னும் பின்னுமாகவும் நகர்ந்திருக்கிறது. அது கவலைக்குரியது. அதே சுவரின் மறுபக்கத்திலும் அதே கோடு இருந்தால் விரிசல் ஊடுருவிப் போகிறது. ஒரு பக்கம் மட்டும் என்றால் பூச்சோடு நின்றிருக்கலாம்.

சமையலறை நீட்டிப்பு

இனி என் கதை. வரிசை வீடுகளில் பின்பக்கத்து முற்றத்தை மூடிச் சமையலறையை நீட்டிக்கட்டாத வீடு அபூர்வம். மூல வீடு கட்டையின்மேலோ ஆழமான அஸ்திவாரத்தின்மேலோ நிற்கும். நீட்டிப்பையோ, உள்ளூர் காண்ட்ராக்டர் இரண்டு அடி தோண்டி வெறும் மண்ணின்மேல் எழுப்பிச் சுவரையும் கூரையையும் வீட்டோடு சேர்த்து ஒட்டியிருப்பார். வீடு நிற்கும், நீட்டிப்பு இறங்கும், இரண்டும் சேரும் கோட்டில் சுவர் கிழியும்.

நான் பார்த்தபோது அந்தக் கோட்டின்மேல் ஒரு பக்கம் குளிர்பதனப் பெட்டியும், எதிர்ப்பக்கம் கோயில் நாட்காட்டியும் இருந்தன. நாட்காட்டியைத் தூக்கிப் பார்த்தேன். மெல்லிய கீறல்தான், வெள்ளைச் சிமெண்டு பூசி அடைத்திருந்தார்கள். “இருபது வருஷமா இப்படியேதான் இருக்கு தம்பி” என்றார் விற்றவர். முன்பணம் கட்டினேன். குடிபோன பிறகு குளிர்பதனப் பெட்டி இருந்த பக்கத்தில் பார்த்தால், அடைத்த சிமெண்டின் நடுவிலேயே மறுபடி பிளந்து, வங்கி அட்டை தாராளமாக நுழைந்தது. இரண்டு மழைக்காலம் கழித்து என் சுண்டுவிரல் நுனி நுழைந்தது. குழாய் மட்டம் வைத்துப் பார்த்ததில், மூன்று மீட்டர் தூரத்துக்குள் பின்பக்கத் தரை 22 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. மூல வீட்டில் ஒரு கீறலும் இல்லை என்பது ஒன்றே எனக்கு ஆறுதல்.

ஆகவே நாட்காட்டி, சாமி படம், அலமாரி, குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றின் பின்னால் பார்க்க அனுமதி கேட்க வெட்கப்படாதீர்கள். மற்ற அறைகளெல்லாம் மங்கிய சாயத்தில் இருக்க ஒரே ஒரு சுவர் மட்டும் புதுச் சாயத்தில் பளபளத்தால், அந்தச் சுவரின்மேல் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். அடைத்துப் பூசிய கோடு நிழலாக எழுந்து நிற்கும்.

ரப்பர் குழாயில் குமிழி இல்லாமல் நீர் நிரப்பி, ஒரு முனையை வீட்டின் முன்பக்கமும் மறுமுனையைப் பின்பக்கமும் பிடித்தால் இரண்டு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். ஒவ்வொரு முனையிலும் நீருக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளந்து ஒப்பிட்டால், தரை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது தெரியும். குளியலறைக்கும் போர்ச்சுக்கும் நீர் வடிவதற்காக வேண்டுமென்றே சரிவு வைப்பார்கள். அங்கே அளந்து குழம்பாதீர்கள்.

அகலத்தை அளப்பது

செங்கல் சுவர் விரிசல்களை வகைப்படுத்த, பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையம் வகுத்த அளவுகளையே பல நாட்டுப் பொறியாளர்கள் பின்பற்றுகிறார்கள். 0.1 மில்லிமீட்டருக்குள், அதாவது தாள்கூட நுழையாத கீறலைப் பொருட்படுத்த வேண்டாம். 1 மில்லிமீட்டர் வரை சாயம் அடிக்கும்போது சரிசெய்துவிடலாம். 5 மில்லிமீட்டர் வரை அடைத்துப் பூச வேண்டியிருக்கும், கதவு ஜன்னல் சற்று இறுகலாம். 5 முதல் 15 வரை என்றால் செங்கல்லைப் பிரித்துக் கட்ட வேண்டி வரும், கதவுகள் சிக்கும், குழாய்கள் முறியலாம். 15 முதல் 25 வரை சுவரின் பகுதிகளை மாற்ற வேண்டிய நிலை. 25-ஐத் தாண்டினால் அந்த வீடு உங்களுக்கும் எனக்கும் வேண்டாம்.

இந்த அளவுகள் செங்கல் சுவருக்கு மட்டுமே. கான்கிரீட் தூணிலும் உத்திரத்திலும் கணக்கே வேறு. உத்திரத்தின் நடுவில் கீழ்ப்புறமாக 0.3 மில்லிமீட்டருக்குள் தெரியும் கீறலைக் கான்கிரீட் வடிவமைப்பு விதிகளே அனுமதிக்கின்றன. அதைவிட அகன்றதும், உத்திரம் தூணில் அமரும் இடத்துக்கருகே சாய்வாக ஓடுவதும், தூணில் கம்பியின் போக்கிலேயே நெட்டுக்குத்தாகப் போவதும் பொறியாளர் பார்க்க வேண்டியவை. துருக்கறை கசிந்திருந்தால் உள்ளே இரும்புக்கம்பி அரிக்கிறது; துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால் மேலிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. போர்ச் கூரையின் அடிப்பகுதியையும், இரட்டை மாடி வீடென்றால் மேல்மாடிக் குளியலறைக்குக் கீழுள்ள கூரையையும் நாணயத்தால் அல்லது கம்பால் தட்டிப் பாருங்கள்.

நின்றுவிட்டதா, நடக்கிறதா?

பழைய விரிசலின் உள்ளே தூசு, சிலந்தி நூல், முந்தைய சாயம் இறங்கிய தடம் இருக்கும், விளிம்புகள் மழுங்கியிருக்கும். புதிதாக விரியும் விரிசலின் உள்முகம் வெளிறிச் சுத்தமாகவும், விளிம்பு கூராகவும் இருக்கும். அடைத்த இடத்திலேயே மறுபடி பிளந்திருந்தால் வேறு சாட்சி தேவையில்லை, நகர்வு தொடர்கிறது. கதவுகளின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். தரையில் வில் வடிவத் தேய்மானம் இருந்தாலும், கதவின் மேல்விளிம்பைச் சாய்வாகச் சீவியிருந்தாலும், சட்டம் கோணிப்போன பிறகு யாரோ அதைச் சமாளித்திருக்கிறார்கள்.

விற்பவர் சம்மதித்தால் விரிசலின் இரு பக்கமும் பென்சிலால் குறுக்குக்கோடு போட்டு, கோடுகளுக்கிடையே உள்ள தூரத்தையும் தேதியையும் அருகில் எழுதி, அடிக்கோல் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி அளக்கலாம். நம் மேற்குக் கரையில் ஏப்ரலை ஒட்டியும், அக்டோபர் நவம்பரிலும் மழை கூடும். ஒருமுறை வறண்ட நாளிலும் ஒருமுறை கனமழைக்கு மறுநாளிலும் பார்க்க முடிந்தால், நீரால் வரும் நகர்வு பிடிபடும். ஒரு மாதம் போதாது என்பது உண்மைதான், ஆனால் ஒன்றுமே அளக்காததைவிட அது எவ்வளவோ மேல்.

பணம் கொடுக்கும் முன்

இங்கே வழக்கமாக 2 அல்லது 3 விழுக்காடு முன்பணம் கட்டி, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது மொத்தம் 10 விழுக்காட்டை நிறைவு செய்கிறோம். மேம்பாட்டாளரிடம் புதிய வீடு வாங்குகிறவருக்குக் குறைபாடுகளைச் சரிசெய்து தரும் 24 மாத உத்தரவாதம் உண்டு. பழைய வீட்டுக்கு அது கிடையாது. இருக்கும் நிலையிலேயே வாங்குவதாக ஒப்பந்தம் சொல்லும். எனவே முன்பணம் கொடுக்கும்போது எழுதும் கடிதத்திலேயே, பொறியாளர் பார்வையிட்டு அறிக்கை திருப்தியாக இருந்தால் மட்டுமே வாங்குவேன், இல்லையேல் முன்பணம் முழுமையாகத் திரும்ப வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். முகவர் முகம் சுளிப்பார். பரவாயில்லை. வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வந்து பார்த்தாரே என்று நினைக்காதீர்கள். அவர் கடனுக்கான விலையைக் கணிக்க வருகிறாரே தவிர, அஸ்திவாரத்தைச் சோதிக்க அல்ல.

அண்ணன் தம்பி முறையில் தெரிந்த கொத்தனாரைக் கூட்டிப்போவது நல்லதுதான், பூச்சு வெடிப்பா சுவர் வெடிப்பா என்பதை அவர் நொடியில் சொல்லிவிடுவார். ஆனால் படிக்கட்டு விரிசல், தூண் விரிசல், 5 மில்லிமீட்டரைத் தாண்டிய எதுவும் என்றால், மலேசியப் பொறியியலாளர் வாரியத்தில் பதிவுபெற்ற கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள். அவர் பெயரை வாரியத்தின் இணையப் பட்டியலில் சரிபார்க்கலாம்.

நீட்டிப்புக்கு ஊராட்சி மன்றத்தின் அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். எங்கள் ஊருக்கு அது கோல சிலாங்கூர் நகராண்மைக் கழகம். 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70-ஆவது பிரிவின்படி அனுமதியில்லாமல் கட்டுவது குற்றம். வாங்கிய பிறகு அந்தத் தலைவலி உங்களுடையது. அனுமதி பெற்ற வரைபடம் கிடைத்தால், நீட்டிப்புக்குக் கட்டை அடிக்கத் திட்டமிட்டிருந்தார்களா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

நீட்டிப்பு மட்டும் இறங்கியிருந்து மூல வீடு நன்றாக இருந்தால், அந்த வீட்டை விட்டுவிட வேண்டியதில்லை. நீட்டிப்பை இடித்துக் கட்டும் செலவை இரண்டு காண்ட்ராக்டர்களிடம் எழுத்தில் வாங்கி, அதை வைத்து விலையைக் குறைத்துப் பேசுங்கள். மூல வீட்டின் தூணோ உத்திரமோ பிளந்திருந்தால் குறைத்துப் பேசுவதைவிட வேறு வீடு பார்ப்பதே என் ஆலோசனை.

வாங்கியே விட்டீர்கள் என்றால், சாவி கைக்கு வந்த வாரத்திலேயே பழைய விரிசல்களைச் சிமெண்டால் அடைக்காதீர்கள். ஒரு மழைக்காலமாவது பென்சில் கோடுகளை வைத்து அளந்து பாருங்கள். நீட்டிப்பு சேரும் கோட்டைச் சிமெண்டால் அடைத்தால் அது மறுபடி பிளக்கத்தான் செய்யும். கொஞ்சம் நகர்ந்தாலும் இழுபடக்கூடிய சிலிக்கான் அல்லது பாலியூரித்தேன் பசையால் அடைத்து, மேலே ஒரு பட்டை வைத்து மறைத்துவிடலாம். என் சமையலறையில் இப்போது அதுதான் இருக்கிறது. நாட்காட்டி பழைய இடத்திலேயே தொங்குகிறது, அதன் பின்னால் ஒவ்வொரு ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் ஓர் அளவு எழுதியிருக்கிறேன்.